மூன்று எண்ணும் வரை

நவம்பர் 19

இந்தக் கொப்பி உங்கள் கையில் எப்படி வந்திருந்தாலும் சரி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். அடுப்பில் போட்டுவிடுங்கள். சித்தியிடம் கொடுக்காதீர்கள். பெக்டரிப் பொறுப்பாளர் டீமேக்கர் ஐயா கேட்டால் இப்படி ஒன்றைக் கண்ணாலும் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள்.

என் பெயர் கிருஷாந்தி. ஒன்பதாம் ஆண்டு படிக்கிறேன். கருங்கொடித் தோட்டம், மேல் டிவிசன். மேல் டிவிசன் இப்போது இல்லை. மலை இறங்கி அதை மூடிவிட்டது. மிஞ்சியவர்கள் தேயிலைப் பெக்டரியில் இருக்கிறோம். கொழுந்தை வாடப் போடும் மேல்மாடியில், கம்பி வலைத் தட்டுகளின் மேல் பாய் விரித்துப் படுக்கிறோம். கீழிருந்து காற்று முதுகில் ஏறுகிறது. எல்லோருடைய தலைமுடியிலும் தேயிலை வாசம்.

நான் பேசுவதில்லை. அதிர்ச்சியில் வாய் அடைத்துப்போய்விட்டது என்று எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள். காரணம் அதுவல்ல. சித்தி புரண்டு படுக்கிறாள். நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 20

காலையில் தட்டு கழுவினேன். பருப்பு அடிப்பிடித்திருந்தது. சித்தி என் தலையில் பேன் பார்த்தாள், முடியை வெட்டிவிடலாம் என்றாள். நான் தலையை ஆட்டினேன். இந்த முடியைக் கடைசியாகப் பின்னிவிட்டது அம்மா.

மத்தியானம் இரண்டு பேர் மலைப்பாதை வழியாக நடந்து வந்தார்கள். பாதை உடைந்த நாளிலிருந்து வெளியாட்களைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒருவர் மட்டக்களப்புப் பக்கத்து நிரோஜா அக்கா. மற்றவர் நுவன் அண்ணன், தமிழ் அரைகுறை. முதுகில் அரிசி கொண்டுவந்திருப்பார்கள் என்று எல்லோரும் ஓடினோம். அவர்கள் அவிழ்த்தது ஒரு வெள்ளைத் தட்டையும் மூன்று கால்களையும் ஒரு பெட்டியையும்.

"சாமான் எங்கம்மா? இத வச்சி கஞ்சி காய்ச்சவா?" என்று கேட்டார் மாரிமுத்து மாமா.

"அரிசி வாறதுக்கும் ஆராவது கேட்கவேணுமே ஐயா. கேட்கிறதுக்குத்தான் இது" என்றார் நிரோஜா அக்கா.

பெரட்டுக்களத்தில் தட்டை நிறுத்தினார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது, மரம் இல்லாத வெட்டவெளி. நுவன் அண்ணன் தட்டை அரை விரல் திருப்புவதும் பெட்டியைப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு பெட்டியில் ஒரு பச்சை வெளிச்சம் எரிந்தது. வானத்துச் செய்மதி கிடைத்துவிட்டது, இனி வெளியூரோடு பேசலாம் என்றார்கள். அழாதவர்கள் இல்லை. அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்தே அழுதார்கள்.

டீமேக்கர் ஐயா வந்து நிரோஜா அக்காவுக்கு வணக்கம் சொன்னார். ஜெனரேட்டர் தருகிறேன், எவ்வளவு நேரம் வேண்டும் என்றார். "இந்தச் சனங்கள உள்ள எடுத்து வச்சிக் காப்பாத்தினதே நான்தான் மிஸ்" என்றும் சொன்னார்.

பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

நவம்பர் 21

எழுதிவிடுகிறேன்.

மலை இறங்கிய அன்று இரவு முதலில் எங்கள் மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால்தான் மண் வெடித்தது. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டாள். எங்கள் வரிசையில் இருந்த நாலு குடும்பமும் பெக்டரிக்கு ஓடினோம். பெரிய கதவு பூட்டியிருந்தது. கொழுந்து நிறுக்கும் அறைக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் தட்டினோம். உள்ளே வெளிச்சம் இருந்தது.

அம்மா கத்தினாள். மழையில் கேட்கவில்லை. என் குரல் கீச்சென்று இருக்கும், வகுப்பில் எல்லோரும் கேலி செய்வார்கள். அதனால் நான் கத்தினேன். "ஐயா, தம்பிக்குக் காய்ச்சல். கதவத் தொறங்கய்யா."

உள்ளேயிருந்து டீமேக்கர் ஐயா சொன்னார்: "கொழுந்து வாடப் போட்டிருக்கு. சேத்துக் காலோட உள்ள வர ஏலாது. புள்ளமடுவத்துக்குப் போங்க. காலையில பாத்துக்கலாம்."

நாங்கள் இன்னும் தட்டினோம். வெளிச்சம் அணைந்தது.

பிள்ளைமடுவம் என்பது அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டடம். அதற்கு எல்லோரும் போனார்கள். அம்மா என்னை மட்டும் கீழ் லயத்துக்கு அனுப்பினாள், சித்தியையும் கூட்டிக்கொண்டு வா என்று. நான் சித்தியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. லொறி கல் கொட்டுவது போல, ஆனால் நிற்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் கதவைத் திறந்தார். கீழ் லயத்து ஆட்கள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு அவர் தெய்வம். கதவுக்கு வெளியே நின்ற மற்ற எல்லோரும் மடுவத்தோடு மண்ணுக்குள் போய்விட்டார்கள். மிச்சம் நான் ஒருத்திதான்.

இருட்டில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குரலைத்தான் கேட்டார். அதனால்தான் நான் பேசுவதில்லை.

நவம்பர் 22

இன்று டீமேக்கர் ஐயா எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். குனிந்து என் கண்ணைப் பார்த்தார். "அன்னைக்கு நீ எங்கம்மா இருந்த?" சித்தி குறுக்கே வந்து, "என்னோடதான் ஐயா, எங்க காம்பராவுலதான் படுத்திருந்துச்சு" என்றாள்.

"வாயே தொறக்க மாட்டேங்குதே. அம்மான்னு சொல்லு பாப்பம். ஒருவாட்டி சொல்லு."

நான் அழுதேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். ஆனால் பெரிய கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார்.

பிஸ்கட்டை நாய்க்குப் போட்டேன்.

நவம்பர் 24

நிரோஜா அக்கா என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். வரிசையைப் பார்த்துக்கொள்வதும் போன்களுக்குச் சார்ஜ் போடுவதும் என் வேலை. "கதைக்காத பிள்ளைதான் இந்த வேலைக்குச் சரி. மற்ற ஆக்கள்ட ரகசியம் வெளியால போகாது" என்றார்.

பேசுகிறவர்களுக்கு அவர் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். "உங்கட சத்தம் மேல செய்மதிக்குப் போய் இறங்கவேணும். அவங்கட சத்தமும் அதே வழியாலதான் திரும்பி வரும். பேசிப்போட்டு மனசுக்குள்ள மூண்டு எண்ணுங்க. பதில் வராட்டி லைன் செத்துப்போச்செண்டு நினைக்காதீங்க. அவங்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்."

யாரும் எண்ணுவதில்லை. மாரிமுத்து மாமாவின் மனைவி கட்டார் நாட்டிலிருக்கும் மகனோடு பேசினாள். ஒலிபெருக்கிப் பெட்டியில் போட்டிருந்தார்கள், அவளுக்குக் காது மந்தம். பதில் உடனே வராததால் போனை இறக்கிவிட்டு, "கட்டாயிருச்சு. அந்தச் சிறுக்கி பேச விட்டாத்தானே இவன் பேசுவான்" என்றாள்.

பெட்டிக்குள்ளிருந்து மருமகளின் குரல் வந்தது. "நல்லாக் கேக்குது மாமி."

மலை விழுந்ததிலிருந்து முதல் தடவையாகப் பெரட்டுக்களமே சிரித்தது. நிரோஜா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுப் பெட்டியின் பின்புறத்தைக் காட்டினார். "இந்தப் பச்சை எரியுமட்டும் அவங்களுக்கு நாம கதைக்கிறது கேட்கும். நீ இதைப் பாத்துக்கொள், மகள்."

நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுதும்போதும் மனதில் அதுதான் எரிகிறது.

நவம்பர் 25

டீமேக்கர் ஐயாவின் போனுக்கு வேலை செய்யாத வயரைச் சொருகினேன். நாள் முழுக்கச் செருகியிருந்தும் ஏறவில்லை. அவர் திட்டியதைக் கேட்க இனிமையாக இருந்தது.

நவம்பர் 26

டீமேக்கர் ஐயாவின் மகள் மிருதுளா என்னோடு ஒட்டிக்கொண்டாள். ஆறு வயது. பெக்டரிக்குக் கீழே உத்தியோகத்தர் வீடான ஸ்டாப் குவாட்டர்ஸிலிருந்து ஓடி ஓடி வருகிறாள். நான் பேசாததைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, அவளே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறாள். தீப்பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ, செய்மதியா? எனக்கு ஒரு பன் அனுப்புங்க" என்றாள். உடனே முகத்தைத் தொங்கப்போட்டு, "ஆரும் இல்லக்கா" என்றாள். நான் மூன்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினேன். அவளும் மடக்கினாள். பிறகு அவளுடைய காதில், மிக மெல்ல, "வருது வருது" என்று நான்தான் செய்மதியாகப் பதில் சொன்னேன். இத்தனை நாளில் நான் பேசிய முதல் வார்த்தை அது. அவருடைய மகளிடம்! என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

அவள் காலுறை நனைந்திருந்தது. ஜெனரேட்டர் மேல் காயப்போட்டுக் கொடுத்தேன். தொந்தரவு தாங்காமல்தான்.

நவம்பர் 27

நாளை மறுநாள் பெரிய அழைப்பு. மாவட்ட அலுவலகமான கச்சேரியிலிருந்து உதவி அரச அதிபரும் கம்பெனி ஆட்களும் அந்தப் பக்கம் இருப்பார்கள். அன்று இரவு என்ன நடந்தது என்று கேட்பார்கள். எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போடுவார்கள். பேசப்போவது டீமேக்கர் ஐயா.

அவர் இன்று மேல்மாடியில் வந்து ஒத்திகை பார்ப்பது போல எங்களிடம் சொன்னார். "மேல் லயத்து ஆளுகளயும் நான் கூப்பிட்டேன். வரல. அவங்க பிடிவாதம். மடுவமே போதும்னுட்டாங்க. என்னா செய்ய ஏலும்?"

அம்மாவின் பிடிவாதமாம்.

நான் பாயைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். சித்தி என் காதுக்குள் சொன்னாள்: "எனக்குத் தெரியும்டி. நீ தூக்கத்துல அதத்தான் கத்துற. வாயத் தொறந்துறாத. அவரு தயவுல படுத்திருக்கோம். பாத தொறக்கட்டும், போயிருவோம். உன்னயும் பறிகுடுக்க என்னால ஏலாது."

நான் அவள் சொன்னதற்குத் தலையாட்டினேன். மனதுக்குள் அம்மாவுக்குச் சொன்னது வேறு.

அவர் அழவேண்டும். எல்லோர் முன்னாலும். இந்தத் தோட்டத்து நாய்கூட அவர் கையிலிருந்து வாங்கித் தின்னக்கூடாது. இதைத்தான் சாமிக்குப் பதிலாக இப்போது இரவில் சொல்லிவிட்டுத் தூங்குகிறேன்.

நவம்பர் 28

பயமாக இருக்கிறது. இரண்டு தடவை வாந்தி.

நவம்பர் 29

எழுத்து கோணல், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பெரட்டுக்களத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். டீமேக்கர் ஐயா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் பெட்டிக்குப் பின்னால், பச்சை வெளிச்சத்துக்குப் பக்கத்தில். கச்சேரி ஐயா தமிழில் கேட்டார். இவர் சொன்னார், மழையைப் பற்றி, கதவைத் திறந்துவிட்டதைப் பற்றி, தன் குவாட்டர்ஸிலிருந்து கம்பளி கொண்டுவந்ததைப் பற்றி. "மடுவத்துல செத்துப்போனவங்களையும் கூப்பிட்டேன் சேர். அவங்களாத்தான் வரல."

பேசி முடித்தார். பதில் வரவில்லை. அவர் ஒருபோதும் எண்ணியதில்லை. "ஹலோ? ஹலோ சேர்?" என்றார். ஒலிவாங்கியை மேசையில் வைத்தார். "கட்டாயிருச்சு" என்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

பச்சை எரிந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து நின்றேன். அன்று கத்திய அதே கீச்சுக் குரலில் சொன்னேன்.

"ஐயா, தம்பிக்குக் காய்ச்சல். கதவத் தொறங்கய்யா."

அவர் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீயா?" என்றார். "அன்னைக்குக் கதவுகிட்ட கத்தினது நீயா?"

"தொறங்கய்யா."

"எப்பிடித் தொறக்கிறது? அவ்வளவு கொழுந்து மேல வாடக் கெடக்கு. எல்லாரும் சேத்தோட வந்து மிதிச்சா நாளைக்குத் தோட்டத்துத் தொரைக்கு யாரு பதில் சொல்றது? காலையில பாத்துக்கலாம்னுதானே சொன்னேன்? மடுவத்து மேல மல விழும்னு எனக்குச் சாத்திரமா தெரியும்?"

மனதுக்குள் எண்ணினேன்.

ஒலிபெருக்கியில் கச்சேரி ஐயாவின் குரல் வந்தது. கோபம் இல்லாத குரல். "எங்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கு மிஸ்டர் அருளானந்தம். எந்தக் கதவு? தொடர்ந்து சொல்லுங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரிமுத்து மாமாவின் தங்கை குடும்பமும் மடுவத்தில்தான் போனது. மாமா எழுந்து போய் டீமேக்கர் ஐயாவின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை ஒரே இழுவையில் பிடுங்கினார். சட்டை கிழிந்தது. யாரும் தடுக்கவில்லை.

டீமேக்கர் ஐயா அழுதார். நான் கேட்டது கிடைத்தது.

கூட்டத்துக்குப் பின்னால் மிருதுளா நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

நவம்பர் 30

சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

சித்தி என்னை அறைந்தாள். பிறகு என் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். பின்னலைச் சின்னதாகப் பின்னினாள், அம்மா பின்னுவது போல இல்லை.

டீமேக்கர் ஐயாவும் அவர் மனைவியும் குவாட்டர்ஸுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். சமையலில் அவர்களுக்குப் பங்கில்லை என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பெரிய கதவில் ஆள் வைத்திருக்கிறார்கள். அவர் வந்தால் உள்ளே விடக்கூடாது.

நிரோஜா அக்கா என்னைத் திட்டவில்லை. "நீ சொன்னது உண்மை. அது வெளியால போகத்தான் வேணும்" என்றார். வயரைச் சுற்றிக்கொண்டே, "ஆனா அந்தப் பச்சையை நான் உனக்கு இதுக்குக் காட்டேல்ல, மகள்" என்றார்.

மத்தியானம் சாப்பிட முடியவில்லை. என் பங்குப் பன்னை ஒரு தாளில் சுற்றிக் குவாட்டர்ஸ் படியில் வைத்துவிட்டு வந்தேன். நாய்க்குத்தான். அந்தப் பக்கம் நாய் அடிக்கடி போகும்.

டிசம்பர் 1

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

கீழ் டிவிசனில் ஒரு பிரசவ வலி. கையில் பிடிக்கும் செய்மதி போனை எடுத்துக்கொண்டு நிரோஜா அக்காவும் நுவன் அண்ணனும் போனார்கள். போகும் முன் வானிலை எச்சரிக்கை வந்தது: இன்று இரவு பெருமழை, சரிவில் இருக்கிற எல்லோரும் பெக்டரிக்கு வரவேண்டும். அக்கா அதை ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொன்னார். குவாட்டர்ஸ் வரை கேட்டிருக்கும். பிறகு பெட்டியைத் தண்ணீர் படாமல் உள்ளே வைத்து, என்னைக் காவலுக்குப் போட்டு, அறைச் சாவியை என் கையில் கொடுத்தார். "ஓடை பெருகினா நாங்க காலையிலதான் வருவம். பயந்துபோடாதே. ஆர் வந்தாலும் திற."

பெட்டியை வைத்திருக்கும் அறை கொழுந்து நிறுக்கும் அறை. நான் இப்போது உட்கார்ந்திருப்பது அந்தச் சின்னக் கதவுக்கு இந்தப் பக்கம். அவர் அன்று நின்ற இடம் இதுதான். இங்கிருந்து கேட்டால் வெளியே யார் பேசினாலும் நன்றாகக் கேட்கும். மழையிலும் கேட்கும். சோதித்துப் பார்த்தேன். அவருக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. தம்பி இருமியதுகூடக் கேட்டிருக்கும்.

குவாட்டர்ஸுக்குப் பின்னாலும் மண் வெடித்திருக்கிறது என்று மாரிமுத்து மாமா சாப்பிடும்போது சொன்னார். "கெடக்கட்டும். அவருக்கும் காலையில பாத்துக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் பெரிய கதவுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். இந்தக் கதவுக்கு வந்தால் நான் இருக்கிறேன். என்ன சொல்லவேண்டும் என்று எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். கொழுந்து வாடப் போட்டிருக்கு. சேத்துக் காலோட உள்ள வர ஏலாது. சொல்லிப் பார்த்தேன். என் குரலில் அது நன்றாக வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

கதவுக்குக் குறுக்கே தேயிலைச் சாக்குகளை இழுத்து அடுக்கினேன். பிறகு எடுத்து ஓரமாகப் போட்டேன். கதவிடுக்கில் தண்ணீர் வருகிறது, சாக்கு ஓதம் பிடிக்கும். காய்ந்த சாக்கு மூன்றைச் சுவரோரம் விரித்துவைத்தேன். எனக்குக் காலை நீட்டவேண்டும், அதற்குத்தான். லாம்பை அணைத்துவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். எழுத வெளிச்சம் வேண்டுமே.

சத்தம் கேட்டது. லொறி கல் கொட்டுவது போல. கீழ்ப்பக்கம். கொஞ்ச நேரம்தான், நின்றுவிட்டது.

அம்மா, நீ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்? நான் உனக்காகத்தான் எல்லாம் செய்தேன். இப்போது என்ன செய்யவேண்டும் என்று சொல்லு. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லு, மழை.

தட்டுகிறார்கள்.

பெரியவர் கை இல்லை. கதவின் கீழ்ப்பக்கம் தட்டுகிற சின்னக் கை. ஒரு தடவை தட்டிவிட்டு நிற்கிறது. ஆள் போகவில்லை, அங்கேயேதான் நிற்கிறாள், மூச்சு கேட்கிறது. பதில் வராவிட்டால் யாரும் இல்லை என்று நினைக்கக்கூடாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். விரல்களை மடக்கிக்கொண்டிருப்பாள்.

ஒன்று.

இரண்டு.